வேலைக்குப் போய்விட்டால் படிப்பு முடிந்ததா?

எஸ்.பி.எம். முடிவுகள் வெளிவரும் நாள்களில் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து எங்கே?" மெட்ரிகுலேஷன், படிவம் 6, போலிடெக்னிக், தனியார் கல்லூரி என்று ஒரு பகுதியினர் மேலே படிக்கப் போகிறார்கள். இன்னொரு பகுதியினர் நேராக வேலைக்குப் போகிறார்கள். கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய சரக்குக் கிடங்குகள், ஷா ஆலம் தொழிற்சாலைகள், பிரிக்ஃபீல்ட்ஸ் கடைகள், மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் என்று அவர்கள் பரவிவிடுகிறார்கள். அப்பாவின் உடல்நிலை, வீட்டு வாடகை, தம்பி தங்கைகளின் படிப்பு என ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் அவர்களைப் பற்றி உறவினர்கள் சொல்வது எப்போதும் ஒரே வாசகம்: "அவன் படிப்பை விட்டுட்டான்."

இந்த வாசகம் இன்று பொருந்தாது என்பதே என் கருத்து. வேலை பார்த்துக்கொண்டே முறையான பட்டம் பெறும் வழி நம் நாட்டில் அரை நூற்றாண்டாக இருக்கிறது. இணையம் அந்த வழியை இன்னும் அகலமாக்கியிருக்கிறது. சரியான முறையில் எடுத்தால் இணையவழிப் பட்டம் வேலையில் இருப்பவருக்கு நல்ல ஏணி. தவறான முறையில் எடுத்தால் கடனும் ஏமாற்றமும்தான் மிஞ்சும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் நாம் இருக்கிறோம்.

நான் பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்கும் மாணவி. தமிழ்ப்பள்ளியிலும் இடைநிலைப்பள்ளியிலும் என்னோடு ஒரே வகுப்பில் இருந்த பலர் இன்று வேலையில் இருக்கிறார்கள். "ஆன்லைன்ல டிகிரி எடுத்தா மதிப்பு இருக்குமா?" என்று அவர்கள்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், நாளை அதே முடிவை எடுக்கப்போகும் தம்பி தங்கைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நேற்று வந்த வழி அல்ல

தொலைநிலைக் கல்வி என்றதும் பலருக்கு ஏதோ புதிய வியாபாரம் என்று தோன்றுகிறது. லண்டன் பல்கலைக்கழகம் 1858-லேயே தன் தேர்வுகளை வெளியில் இருந்து படிப்பவர்களுக்குத் திறந்துவிட்டது. அந்த வெளிவாரித் திட்டத்தின் வழியாகத்தான் நம் நாட்டு வழக்கறிஞர்களில் பலர் உருவானார்கள். கோலாலம்பூரின் தனியார் கல்லூரிகளில் பாடம் படித்து, லண்டன் பல்கலைக்கழகத்தின் சட்டத் தேர்வை இங்கிருந்தபடியே எழுதி, பிறகு சி.எல்.பி. தேர்வும் எழுதி நீதிமன்றத்துக்குப் போனவர்களைக் கிள்ளான் பள்ளத்தாக்கில் எங்கும் காணலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் உருவாகி, 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. முன்தகுதி கேட்காமலே அது மாணவர்களை எடுத்தது. தென்னாப்பிரிக்காவின் நெல்சன் மண்டேலா தம் சட்டப் பட்டத்தை 1989-இல் சிறையில் இருந்தபடியே அஞ்சல்வழிப் படிப்பில் பெற்றார்.

மலேசியாவிலும் கதை பழையதுதான். பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், அதாவது நாம் யு.எஸ்.எம். என்று சொல்வது, 1971-இல் வளாகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கான பட்டப்படிப்பைத் தொடங்கியது. நாட்டின் 11 பொதுப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பாக மலேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், ஓ.யு.எம்., 2000-இல் நிறுவப்பட்டது. 2001-இல் 753 மாணவர்களுடன் அது வகுப்புகளைத் தொடங்கியது. இன்று அதன் தலைமையகம் கிளானா ஜெயாவில் இருக்கிறது. பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட வாவாசான் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் முதல் மாணவர்களைச் சேர்த்தது. இவை போக, பல தனியார் பல்கலைக்கழகங்களும் இப்போது இணையவழிப் பட்டங்களை வழங்குகின்றன.

நம் ஆசிரியர்கள் காட்டிய வழி

இந்தப் படிப்பு வாழ்க்கைத் தொழிலுக்கு உதவுமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் சான்று நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள்தான்.

ஒரு காலத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் சான்றிதழோ டிப்ளோமாவோ வைத்திருந்தார்கள். அவர்களின் சம்பளப் படிநிலை டி.ஜி.ஏ. 29. பட்டதாரி ஆசிரியர்களின் படிநிலை டி.ஜி. 41. 2024 டிசம்பரில் வந்த புதிய சம்பள முறைக்குப் பின் இந்த எண்கள் மாறிவிட்டன. ஆனால் அன்றைக்கு 29-க்கும் 41-க்கும் இடையில் இருந்த தூரம் சம்பளத்திலும் பதவி உயர்விலும் பெரிய தூரம். தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் பட்டதாரிகளாக வேண்டும் என்று கல்வி அமைச்சு ஊக்கம் கொடுத்த காலத்தில், மலாய், சீனம், தமிழ் என எல்லாப் பள்ளிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் யு.எஸ்.எம்., ஓ.யு.எம். போன்றவற்றில் தொலைநிலையில் படித்துப் பட்டம் பெற்றார்கள். வார நாள்களில் வகுப்பறை, வார இறுதியில் கற்றல் மையம், பள்ளி விடுமுறையில் பினாங்கில் தீவிர வகுப்பு என்று பல ஆண்டுகள் ஓடினார்கள். உங்களுக்குப் பாடம் சொல்லித் தந்தவர்களில் ஒருவராவது அப்படிப் படித்தவராக இருப்பார். கேட்டுப் பாருங்கள்.

அவர்களுக்கு அந்தப் பட்டம் ஏன் பலன் தந்தது? நான் யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, அவர்கள் ஏற்கெனவே வேலையில் இருந்தார்கள். பட்டம் கிடைத்தால் எந்தப் படிக்கு ஏறலாம் என்பது அவர்களுக்கு முன்பே தெரியும். இரண்டு, அவர்கள் படித்த பல்கலைக்கழகத்தை அரசாங்கம் அங்கீகரித்திருந்தது. மூன்று, படித்ததும் பார்த்த வேலையும் ஒன்றோடொன்று பொருந்தின. சனிக்கிழமை கற்பித்தல் முறையைப் பற்றிப் படித்தவர் திங்கட்கிழமை அதை வகுப்பில் செய்து பார்க்க முடிந்தது.

இணையவழிப் பட்டத்தைப் பற்றி யோசிக்கும் ஒவ்வொருவரும் இந்த மூன்றையும் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். என் கருத்து முழுவதும் இந்த மூன்றின் மேல்தான் நிற்கிறது.

முதலில் வேலை, பிறகு பட்டம்

பட்டத்தை வாங்கிவிட்டால் வேலை தானாக வரும் என்று நம்பி இணையவழிப் படிப்பில் சேர்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வளாகத்தில் படிக்கும் எனக்குத் தொழிற்பயிற்சி, விரிவுரையாளரின் பரிந்துரை, மாணவர் சங்கம், வேலைவாய்ப்புக் கண்காட்சி என்று பல துணைகள் உண்டு. வீட்டிலிருந்து படிப்பவருக்கு இவை குறைவு. அதற்கு ஈடாக அவரிடம் இருக்க வேண்டியது வேலை அனுபவம். இருபத்தைந்து வயதில் பட்டமும் ஐந்தாண்டு அனுபவமும் வைத்திருக்கும் ஒருவரை எந்த மனிதவளப் பிரிவும் இலேசில் ஒதுக்கிவிடாது. பட்டம் மட்டும் இருந்து அனுபவமே இல்லையென்றால், வளாகத்தில் படித்தவரோடு போட்டி போடுவது கடினம்தான்.

கிள்ளானையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள துறைமுகம் ஆண்டுக்கு, 20 அடிப் பெட்டகக் கணக்கில், 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட சரக்குப் பெட்டகங்களைக் கையாளுகிறது. அதைச் சுற்றிச் சரக்கு அனுப்பும் நிறுவனங்கள், கிடங்குகள், லாரி நிறுவனங்கள், சுங்கப் பத்திரம் தயாரிக்கும் அலுவலகங்கள் என்று ஓர் உலகமே இயங்குகிறது. அங்கே எஸ்.பி.எம். முடித்து எழுத்தராகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குப் பெட்டகம் எப்படி வருகிறது, பத்திரத்தில் எது தவறினால் சரக்கு நிற்கும் என்பதெல்லாம் இரண்டே ஆண்டுகளில் அத்துப்படியாகிவிடும். ஆனால் நிர்வாகிப் பதவிக்கு விளம்பரம் வரும்போது 'பட்டம் அவசியம்' என்ற ஒரு வரி அவரைத் தடுத்துவிடும். அப்படிப்பட்டவருக்குத் தளவாட நிர்வாகத்திலோ வணிக நிர்வாகத்திலோ ஓர் இணையவழிப் பட்டம் அந்த ஒரு வரியைத் தாண்ட உதவும். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அங்கிருந்து மேலே ஏறுவது எப்படி என்பதுதான் வேலைக்குப் போன நம் நண்பர்களின் உண்மையான கேள்வி.

பாலர்பள்ளி உதவியாளர்களின் நிலையும் இதுதான். 2013 முதல் 2025 வரைக்கான மலேசியக் கல்விப் பெருந்திட்டம் பாலர்பள்ளி ஆசிரியர்களுக்கு டிப்ளோமாவைக் குறைந்தபட்சத் தகுதியாக வைத்தது. பிள்ளைகளைக் கையாளுவதில் கைதேர்ந்த எத்தனையோ அக்காமார்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள். தாள் ஒன்று இல்லாததால் அவர்கள் உதவியாளராகவே இருந்துவிடக் கூடாது.

எஸ்.டி.பி.எம். இல்லையே, சேர முடியுமா?

முடியும். இதுதான் நம்மில் பலருக்குத் தெரியாத செய்தி. முன் அனுபவக் கற்றலை அங்கீகரிக்கும் முறை ஒன்று நம் நாட்டில் இருக்கிறது. அதை ஏ.பி.இ.எல். என்பார்கள். எஸ்.டி.பி.எம்., டிப்ளோமா போன்ற வழக்கமான தகுதி இல்லாதவரும், 21 வயது நிரம்பி, படிக்க விரும்பும் துறையோடு தொடர்புடைய வேலை அனுபவம் வைத்திருந்தால், அனுபவத் தொகுப்பைச் சமர்ப்பித்து, தகுதித் தேர்வும் எழுதித் தேறி, இளங்கலைப் பட்டப்படிப்பில் சேரலாம். இதன் பெயர் ஏ.பி.இ.எல்.ஏ.

இன்னொன்று ஏ.பி.இ.எல்.சி. நீங்கள் வேலையில் ஏற்கெனவே கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை மறுபடியும் முதலிலிருந்து படிக்காமல், தேர்வோ செயல்தொகுப்போ கொடுத்து அதற்கான மதிப்புப் புள்ளிகளைப் பெறும் முறை இது. மொத்தப் புள்ளிகளில் 30 விழுக்காடு வரை இப்படிப் பெறலாம் என்று வழிகாட்டியில் வரம்பு வைக்கப்பட்டது. அது எவ்வளவு பெரிய உதவி என்பது கீழே வரும் கணக்கைப் பார்த்தால் புரியும்.

அனுபவத் தொகுப்பு என்றால் பயப்பட வேண்டாம். நியமனக் கடிதம், பயிற்சிச் சான்றிதழ்கள், செய்த வேலையின் விவரம், மேலதிகாரியின் உறுதிக் கடிதம் போன்றவற்றை ஒழுங்காக அடுக்கிக் காட்டுவதுதான் அது. அதனால் வேலைக்குப் போயிருக்கும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள்: எந்தச் சிறு பயிற்சிக்கு அனுப்பினாலும் போங்கள், அதன் சான்றிதழைக் கோப்பில் போட்டு வையுங்கள், வேலை மாறும்போது கடிதம் கேட்டு வாங்குங்கள். இன்று வெறும் தாளாகத் தெரிவது நாளை பல்கலைக்கழகக் கதவைத் திறக்கும்.

4,800 மணி நேரம்

"ஆன்லைன் என்றால் சுலபம்" என்று நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மலேசியத் தகுதிக் கட்டமைப்பின்படி ஒரு மதிப்புப் புள்ளி என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, இடுபணி, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 120 புள்ளிகள். ஆக, 4,800 மணி நேரம். வளாகத்தில் படித்தாலும் வீட்டிலிருந்து படித்தாலும் கணக்கு ஒன்றுதான்.

வேலைக்குப் போகும் ஒருவர் வார நாள்களில் இரவு இரண்டு மணி நேரமும், சனி, ஞாயிறில் ஐந்தைந்து மணி நேரமும் படிப்பதாக வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 20 மணி நேரம். 4,800 மணி நேரத்துக்கு 240 வாரங்கள். ஆண்டுக்கு 48 வாரம் படித்தால் சரியாக ஐந்து ஆண்டுகள். ஏ.பி.இ.எல்.சி. வழியாக 30 விழுக்காடு, அதாவது 36 புள்ளிகள் கிடைத்துவிட்டால், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு மிச்சமாகும்.

ஐந்து ஆண்டுகளில் எத்தனை தீபாவளி, எத்தனை தைப்பூசம், எத்தனை திருமண விருந்து! ஓ.டி. செய்யச் சொல்லும் முதலாளி ஒருபக்கம், "எந்நேரமும் அந்தக் கம்ப்யூட்டரையே பார்த்துக்கிட்டு இருக்கியே" என்று கடிந்துகொள்ளும் பாட்டி ஒருபக்கம். தொலைநிலைப் படிப்பில் சேர்ந்து பாதியில் நிற்பவர்கள் அதிகம் என்பது உலகம் முழுவதும் தெரிந்த செய்தி. அவர்களில் பலரைத் தோற்கடிப்பது பாடத்தின் கடினம் இல்லை, நேரம்தான். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பிரிக்ஃபீல்ட்ஸில் வேலை பார்க்கும் கிள்ளான்காரருக்குப் போகவர வாரத்துக்கு 10 மணி நேரம் ரயிலிலேயே போகிறது. உட்கார இடம் கிடைத்தால் அதில் பாதியையாவது வாசிப்புக்கு ஒதுக்கலாம். இப்படி நேரத்தைத் தேடித் தேடி எடுப்பவர்கள்தான் முடிக்கிறார்கள்.

சேரும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். தொடர்ந்து எட்டு வாரம், வாரத்துக்கு 15 மணி நேரம், ஏதாவது ஓர் இலவச இணையப் பாடத்தைப் படியுங்கள். முடிந்தால் தைரியமாகச் சேரலாம். முடியாவிட்டால், குறைந்த பாடங்களோடு மெதுவாகத் தொடங்கும் திட்டம் உண்டா என்று பல்கலைக்கழகத்திடம் கேளுங்கள்.

பி.டி.பி.ஆர். நினைவு

நம் தலைமுறைக்கு இணையவழிப் படிப்பு என்றாலே ஒரு கசப்பு இருக்கிறது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நாம் பள்ளியில் இருந்தோம். வீட்டிலிருந்து கற்றல் என்ற பி.டி.பி.ஆர். வகுப்புகளில் ஒரே கைப்பேசியை மூன்று பேர் பங்குபோட்டோம். கேமராவை மூடிவிட்டுத் தூங்கியவர்களும் நம்மில் உண்டு. "அதுபோலத்தானே இதுவும்" என்று தோன்றுவது இயல்புதான்.

ஆனால் அது அவசர ஏற்பாடு. வகுப்பறைக்காகத் தயாரித்த பாடத்தை ஒரே இரவில் திரைக்கு மாற்ற வேண்டியிருந்தது. முறையான தொலைநிலைப் படிப்பு தொடக்கத்திலேயே தனியாகப் படிப்பவருக்காக எழுதப்படுகிறது. பாட நூல், அலகு வாரியான பயிற்சி, வழிநடத்தும் ஆசிரியர், தேதி குறித்த இடுபணி, தேர்வு எல்லாம் அதில் உண்டு. தமிழ்நாட்டில் ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் இணையவழிப் படிப்பு நல்ல எடுத்துக்காட்டு. பாடங்கள் காணொலியில் வருகின்றன. ஆனால் முக்கியத் தேர்வுகளை மையத்துக்கு நேரில் போய்த்தான் எழுத வேண்டும். சேர்வதற்கே நான்கு வாரம் பாடம் படித்துத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். அடிப்படை நிலை, டிப்ளோமா நிலை, பட்ட நிலை என்று படிப்பு பிரிந்திருப்பதால், இடையில் நின்றாலும் முடித்த நிலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். நல்ல இணையவழிப் படிப்புக்கு அடையாளம் இதுதான்: கற்க வழி எளிது, தேறுவது எளிதில்லை.

பெயரைப் பார்க்காதீர்கள், பதிவைப் பாருங்கள்

இரண்டாவது காரணத்துக்கு, அதாவது அங்கீகாரத்துக்கு வருகிறேன். எம்.கியூ.ஏ. எனப்படும் மலேசியத் தகுதி முகமை 2007 முதல் இயங்குகிறது. அது அங்கீகரித்த படிப்புகள் எல்லாம் எம்.கியூ.ஆர். என்ற பதிவேட்டில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். அங்கே பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரப்போகும் அதே படிப்பு, அதே கற்றல் முறையில் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். தற்காலிக அங்கீகாரமா, முழு அங்கீகாரமா என்றும் பாருங்கள். அரசாங்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் இது முக்கியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் இணையவழிப் பட்டம் என்றால், அது இங்கே ஏற்கப்படுமா என்று பணம் கட்டும் முன்பே எம்.கியூ.ஏ.-விடமும், நீங்கள் போக விரும்பும் துறையிடமும் கேட்டுவிடுங்கள்.

சில தொழில்களுக்கு இதுவும் போதாது. வழக்கறிஞராகச் சட்டத் தொழில் தகுதி வாரியம், பொறியாளராகப் பொறியாளர் வாரியம், கணக்காளராகக் கணக்காளர் கழகம் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் ஓர் அமைப்பு வாசலில் நிற்கிறது. எந்தப் பட்டத்தை, எந்த முறையில் படித்தால் ஏற்பார்கள் என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். மருத்துவம் போன்ற துறைகளை வீட்டிலிருந்து படிக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

"உங்கள் அனுபவத்துக்கே பட்டம் தருகிறோம், தேர்வு இல்லை, இரண்டு மாதத்தில் பட்டமளிப்பு விழா" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். காசு கொடுத்துப் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம் சமூகத்தில் கொஞ்சம் இருக்கிறது. மேடையில் மாலை விழலாம்; வேலைக்கான நேர்காணலில் அந்தத் தாள் உதவாது. அதோடு, இரவெல்லாம் கண்விழித்து உண்மையாகப் படித்தவரின் பட்டத்தின் மேலும் அது சந்தேகத்தைக் கொண்டுவருகிறது. அதுதான் பெரிய அநியாயம்.

பணம் எங்கிருந்து வரும்?

வளாகப் படிப்பின் பெரிய செலவு கட்டணம் மட்டும் இல்லை. தங்குமிடம், உணவு, பயணம், எல்லாவற்றுக்கும் மேலாக மூன்று நான்கு ஆண்டுகள் சம்பளம் இல்லாமல் இருப்பது. வேலையில் இருந்தபடி படிப்பவருக்கு இந்தக் கடைசிச் செலவு இல்லை. வீட்டுக்கு அனுப்பும் பணமும் நிற்காது. ஒரு பருவத்துக்கு எத்தனை பாடம் எடுக்கிறோமோ அதற்கு மட்டும் கட்டணம் கட்டும் வசதியும் பல இடங்களில் இருக்கிறது.

கையில் பணம் போதாவிட்டால் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஊழியர் சேமநிதி 2024 மே மாதம் மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்பட்டது. அதில் செஜாத்ரா கணக்கிலிருந்து படிப்புக்காகப் பணம் எடுக்கலாம். பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்து பிள்ளைகளின் படிப்புக்கும் எடுக்கலாம். அங்கீகாரம் பெற்ற திறந்தநிலைப் படிப்புகள் சிலவற்றுக்கு பி.டி.பி.டி.என். கடனும் கிடைக்கிறது; சேரும் முன் அந்தக் குறிப்பிட்ட படிப்புக்கு உண்டா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்தக் கடனுக்கு ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம். குறைவுதான், ஆனாலும் கடன் கடன்தான். பாதியில் நின்றவரும் அதைக் கட்டியாக வேண்டும். பட்டமும் இல்லாமல் கடனும் இருப்பது மிக மோசமான நிலை. அதனால்தான் நேரக் கணக்கை முதலில் போடச் சொல்கிறேன்.

சில முதலாளிகள் படிப்புச் செலவில் ஒரு பகுதியை ஏற்கிறார்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். "இந்தப் பட்டத்தை முடித்தால் என்னை எந்தப் பதவிக்குப் பரிசீலிப்பீர்கள்?" என்று மனிதவளப் பிரிவிடம் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வந்தால் அது நல்ல அறிகுறி. பதிலே வராவிட்டால், எந்த நிறுவனத்துக்காகப் படிக்கிறீர்கள் என்பதை மறுபடியும் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

யாருக்கு இது வேண்டாம்?

பொதுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, குடும்பச் சூழலும் இடம் கொடுக்குமானால், வளாகத்துக்குப் போங்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதில் பல இனத்தவரோடு தங்கிப் படிப்பதும், ஆய்வகத்தில் நிற்பதும், நூலகத்தில் நள்ளிரவுவரை உட்காருவதும் திரையில் கிடைக்காது. ஓர் ஆண்டு வீட்டில் சும்மா இருந்தபடியே இணையவழிப் பட்டம் எடுத்துக்கொள்ளலாம் என்று சோம்பலுக்காக இதைத் தேர்ந்தெடுப்பவருக்கும் இது சரிவராது. எழுப்பிவிட ஆளில்லாத வகுப்பு இது. நாம் எழுந்தால்தான் நடக்கும்.

பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. பிள்ளை வேலைக்குப் போய்விட்டால் படிப்பு கைவிட்டுப் போனதாக நினைத்து அழ வேண்டாம். வேலை முடிந்து வந்து இரவில் படிக்கும் பிள்ளைக்கு ஒரு மேசையும், இரண்டு மணி நேர அமைதியும் கொடுங்கள். தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைப்பதும் கல்விக்குச் செய்யும் உதவிதான்.

வேலையில் இருக்கும் நண்பர்களே, ஒரு தாளை எடுத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தப் பட்டத்தால் நான் ஏறப்போகும் அடுத்த படி எது? இந்தப் படிப்பு எம்.கியூ.ஆர். பதிவேட்டில் இருக்கிறதா? வாரத்துக்கு 20 மணி நேரம் எங்கிருந்து எடுப்பேன்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அடுத்த சேர்க்கைக்கே விண்ணப்பியுங்கள். ஒன்றுக்குப் பதில் இல்லையென்றாலும் குறையொன்றும் இல்லை. அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு சேருங்கள். நம் ஆசிரியர்கள் கொமுட்டரும் இணையமும் இவ்வளவு வசதியாக இல்லாத காலத்தில் இதைச் செய்து முடித்தார்கள். உங்களாலும் முடியும்.